பழைய காமிராவும் பன்னிரண்டு படங்களும்



சில மாதங்களுக்கு முன்பு, காலமான நண்பர் ஒருவரின் மகள் நம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பழைய தோல் பை. அதைத் திறந்தபோது உள்ளே, முன்புறத்தில் மேலும் கீழுமாக இரண்டு கண்கள் பொருத்தப்பட்ட கறுப்பு நிறக் காமிரா ஒன்று இருந்தது. "மாமா, இது அப்பாவோட காமிரா. அவர் போன பிறகு யாரும் தொடலை. கடையிலே கேட்டா அலமாரியில அழகுக்கு வைக்கலாம்னு சொல்றாங்க. இதிலே இனிமே படம் எடுக்க முடியுமா, முடியாதா?" என்று கேட்டார்.

இக்கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. நம்மவர் வீடுகள் பலவற்றில் இத்தகைய காமிராக்கள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றை எழுப்ப முடியுமா, எழுப்பினால் அவற்றால் நமக்கு என்ன பயன் என்பதை இன்றைய பேச்சில் காண்போம்.

முதலில் இது எவ்வகைக் காமிரா என்று தெரிந்துகொள்வோம். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில், பால் ஃபிராங்கே, ரைன்ஹோல்ட் ஹைடெக்கே என்னும் இருவர் 1920-ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம், 1929-இல் ரோலைஃபிளெக்ஸ் என்ற காமிராவை வெளியிட்டது. மேல் வில்லை நாம் பார்ப்பதற்கு. கீழ் வில்லை படம் பிடிப்பதற்கு. மேல் வில்லை வழியாக வரும் ஒளி, சாய்வாக வைக்கப்பட்ட கண்ணாடியில் பட்டு, தலைப்பகுதியில் உள்ள சொரசொரப்பான கண்ணாடித் திரையில் காட்சியாக விழுகிறது. காமிராவை வயிற்றுக்கு நேராகப் பிடித்து, தலையைக் குனிந்து அத்திரையைப் பார்க்கிறோம். இந்த இரட்டை வில்லை அமைப்பைப் பின்பற்றி ஜப்பானில் யாஷிகா, மாமியா ஆகியவையும், சீனாவில் சீகல் காமிராவும் வந்தன.

சிங்கப்பூருக்கும் இந்த நிறுவனத்துக்கும் ஓர் உறவு உண்டு. 1970-களின் தொடக்கத்தில் ரோலை நிறுவனம் சிங்கப்பூரில் தொழிற்சாலை திறந்தது. 1981-இல் அது மூடப்படும்வரை, பெரும்பாலும் சிறிய 35 மில்லிமீட்டர் காமிராக்கள் அங்கே செய்யப்பட்டன. நேயர்களில் மூத்தவர்கள் சிலருக்கு இது நினைவிருக்கலாம்.

இந்த இரட்டைக் கண் காமிராக்களில் பயன்படும் படச்சுருளுக்கு '120' என்று பெயர். கோடாக் நிறுவனம் 1901-இல் அறிமுகம் செய்த இந்த அளவு இன்றும் உற்பத்தியில் உள்ளது. ஒரு சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள் எடுக்கலாம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 56 மில்லிமீட்டர் அகலம், 56 மில்லிமீட்டர் உயரம். 35 மில்லிமீட்டர் சுருளின் படமோ 24-க்கு 36 மில்லிமீட்டர்தான். பரப்பளவைக் கணக்கிட்டால் முன்னது பின்னதைப் போல் மூன்றரை மடங்குக்கு மேல் பெரியது.

இதனால் என்ன நன்மை? 24 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு படம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சிறிய சுருளிலிருந்து பத்து மடங்கு பெரிதாக்க வேண்டும். பெரிய சுருளிலிருந்து நான்கேகால் மடங்கு பெரிதாக்கினால் போதும். பெரிதாக்குவது குறையக் குறைய மணல்போன்ற புள்ளிகள் அடங்கும். தோலின் வழவழப்பும், சேலைக் கரையின் நூலும் தெளிவாகத் தெரியும். அந்நாளைய ஸ்டூடியோக்காரர்கள் கல்யாண வீட்டுக்கு இக்காமிராவைத் தூக்கிச் சென்றதற்குக் காரணம் இதுவே.

இப்போது நண்பரின் மகளுக்கு நாம் சொன்ன முதல் வார்த்தைக்கு வருவோம். "அம்மா, பின்கதவைத் திறந்துவிடாதே!" என்பதுதான் அது.

பழைய காமிரா கைக்கு வந்ததும் எல்லாரும் செய்யும் பிழை, உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்ப்பது. பக்கவாட்டில் உள்ள சிறு சாளரத்தில் 1 முதல் 12 வரை ஏதேனும் ஓர் எண் தெரிந்தால், உள்ளே பாதி எடுத்த சுருள் இருக்கக்கூடும். வெளிச்சம் பட்ட மறுகணமே வெளியில் தெரியும் பகுதி பாழாகிவிடும். நம் காமிராவின் சாளரத்தில் தெரிந்த எண் 9. அதாவது, அந்த மனிதர் எட்டு ஒன்பது படங்கள் எடுத்துவிட்டு, மிச்சத்தை வேறு ஒரு நாளைக்கு என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

எடுத்து முடித்தும் கழுவப்படாமல் போன படங்கள் உலகில் எத்தனையோ! அமெரிக்காவின் சிக்காகோவில் குழந்தைகளைப் பராமரிக்கும் வேலை பார்த்த விவியன் மேயர் என்ற பெண்மணி, ரோலைஃபிளெக்ஸ் காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருக்காட்சிகளைப் படமெடுத்தார். 2007-இல் அவருடைய பொருள்கள் ஏலத்துக்கு வந்தபோதுதான் அப்படங்கள் வெளியுலகுக்குத் தெரியத் தொடங்கின. கழுவாத சுருள்களே நூற்றுக்கணக்கில் இருந்தன. புகழ் பரவுவதற்குள் 2009-இல் அவர் மறைந்துவிட்டார்.

சுருளை எப்படிக் காப்பாற்றுவது? வில்லையின் மூடியைப் போட்டபடியே பொத்தானை அழுத்த வேண்டும். கைப்பிடியைச் சுற்ற வேண்டும். மீண்டும் அழுத்த வேண்டும். பன்னிரண்டு முடிந்ததும் கைப்பிடி தடையின்றிச் சுற்றும்; சுருள் முழுவதும் மறுபக்கத்துக்குப் போய்விடும். பொத்தான் இறுகியிருந்தால் வலிந்து அழுத்தக்கூடாது. முழு இருட்டான அறைக்குள் திறந்து, கையாலேயே சுருளை இறுக்கமாகச் சுற்றி எடுக்க வேண்டும். நாம் அவ்வாறே எடுத்து வைத்தோம். அதில் என்ன இருந்தது என்பதைப் பேச்சின் இறுதியில் சொல்வோம்.

அடுத்து, காமிராவின் உடல்நலத்தைச் சோதிக்க வேண்டும். நம் நாட்டு ஈரக்காற்றில் வில்லைக்கு முதல் எதிரி பூஞ்சைக் காளான். பின்கதவைத் திறந்து, துளையை அகலமாக்கி, கைவிளக்கை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கமிருந்து பாருங்கள். சிலந்தி வலைபோல நூல்நூலாகத் தெரிந்தால் அது காளான். தொடக்க நிலையாயின் பழுதுபார்ப்பவர் துடைத்துவிடுவார். நாள்பட்டால் அது கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். ஒன்றிரண்டு தூசிகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவை படத்தில் தெரியா.

இரண்டாவது, ஒளியை விட்டு மறைக்கும் ஷட்டர். அதை 1 வினாடிக்கு வைத்து அழுத்தி, காதருகே கேளுங்கள். நல்ல நிலையில் இருந்தால் பல்சக்கரம் சீராக ஓடும் ஒலி ஒரு வினாடி கேட்டு நிற்கும். பாதியில் இழுத்தாலோ நின்றாலோ, உள்ளே பழைய எண்ணெய் பிசினாகி இறுகிவிட்டது என்று பொருள். இதற்கு வெளியிலிருந்து எண்ணெய் விடுவது பெருந்தவறு. அந்த எண்ணெய் மெல்லிய தகடுகளில் பரவி அவற்றை ஒட்டிவிடும். கைதேர்ந்தவரிடம் கொடுத்துப் பிரித்துச் சுத்தம் செய்வதே வழி. பழைய ஷட்டர்களில் தாமதமாக இயங்கும் தானியங்கி நெம்புகோலைத் தொடாதிருப்பது நல்லது. அது பாதியில் சிக்கினால் ஷட்டரும் சிக்கிக்கொள்ளும்.

சுருளை மாட்டுவது நிழலில் செய்ய வேண்டிய வேலை. இச்சுருளுக்கு உலோகக் கூடு கிடையாது. பின்னால் சுற்றிய காகிதமே பாதுகாப்பு. பல காமிராக்களில் காகிதத்தில் உள்ள அம்புக்குறியை உடலில் உள்ள புள்ளிக்கு நேராக நிறுத்திக் கதவை மூட வேண்டும். 1937-க்குப் பிறகு வந்த தானியங்கி ரோலைஃபிளெக்ஸ் காமிராக்களில், காகிதத்தை அடியிலுள்ள உருளைகளுக்கு இடையே நுழைக்க வேண்டும். சுருளின் தடிப்பை உணர்ந்து அதுவே எண்ணத் தொடங்கும். நுழைக்க மறந்தால் எண்ணாது; முழுச் சுருளும் வீணாக ஓடிவிடும். நாமும் ஒருமுறை அப்படி மறந்து ஒரு சுருளை இழந்தோம். அதன்பின் மறந்ததில்லை!

இனி, பார்க்கும் முறை. கண்ணாடித் திரையில் வலம் இடமாகவும் இடம் வலமாகவும் தெரியும். ஓடும் குழந்தையைத் தொடர்ந்தால் நம் கை எதிர்ப்பக்கம் போகும். ஒரு வாரம் வீட்டுக்குள் சுருளின்றிப் பழகினால் கை தானே கற்றுக்கொள்ளும். மற்றொன்று: பார்க்கும் வில்லைக்கும் பிடிக்கும் வில்லைக்கும் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் இடைவெளி உண்டு. தூரத்துக் காட்சிக்கு இது பொருட்டல்ல. ஒரு மீட்டர் தொலைவில் முகத்தை எடுக்கும்போதோ, கவனியாவிட்டால் உச்சந்தலை வெட்டுப்படலாம். தலைக்கு மேல் சற்று இடம் விட்டு எடுப்பது பாதுகாப்பு.

குனிந்து பார்ப்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது. எதிரே இருப்பவரின் முகத்துக்கு நேராக நாம் எதையும் நீட்டுவதில்லை. கூச்சமுள்ள முதியவர்களும் இயல்பாக இருப்பார்கள். வயிற்று உயரத்திலிருந்து எடுப்பதால், உட்கார்ந்திருப்பவரும் சிறு பிள்ளைகளும் தாழ்ந்து தெரியாமல் நேராகத் தெரிவார்கள்.

வெளிச்சத்தை எப்படி அளப்பது? பழைய காமிராவின் ஒளிமானியை நம்ப முடியாது. ஆனால் ஓர் எளிய விதி உண்டு. நல்ல வெயிலில் துளையை 16-இல் வையுங்கள். சுருளின் வேகம் 100 என்றால் ஷட்டரை 1/100 அல்லது 1/125 வினாடியில் வையுங்கள். மங்கிய வெயிலுக்குத் துளை 11, மேகமூட்டத்துக்கு 8, வீட்டு வாசல் நிழலுக்கு 5.6. எண் குறையக் குறையத் துளை பெரிதாகும் என்பதை நினைவிற் கொள்க. ஐயம் வந்தால் ஒரு படி கூடுதலாக ஒளி கொடுங்கள். நெகட்டிவ் சுருள் கூடுதல் ஒளியைப் பொறுக்கும். குறைந்த ஒளியைப் பொறுக்காது. நம் ஊரின் உச்சிவெயில் கண்குழிகளைக் கறுப்பாக்கிவிடும். ஆகவே, காலை ஒன்பதரைக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும் ஆள்படம் எடுப்பது சிறப்பு.

துளைக்கு மற்றொரு வேலையும் உண்டு. 75 மில்லிமீட்டர் வில்லையில், இரண்டு மீட்டர் தொலைவில் இருப்பவரைத் துளை 3.5-இல் எடுத்தால், முன்னும் பின்னுமாகச் சுமார் ஒரு சாண் ஆழமே கூர்மையாக விழும். துளை 11-இல் எடுத்தால் அது முக்கால் மீட்டருக்கு மேல் விரியும். ஒருவரைத் தனித்துக் காட்ட முன்னதும், குடும்பத்தாரை இரண்டு வரிசையில் நிறுத்தி எடுக்கப் பின்னதும் உதவும். மேற்பூச்சு இல்லாத, போருக்கு முந்திய வில்லையாயின் நேர் ஒளி படாதவாறு முன்னால் நிழல்மூடி மாட்டிக்கொள்ள வேண்டும். இல்லையேல் படம் வெளிறிப்போகும்.

கறுப்பு வெள்ளைச் சுருளை வீட்டிலேயே கழுவலாம். மருந்துகளின் கால அளவு பெரும்பாலும் 20 பாகை செல்சியஸுக்குக் குறிக்கப்பட்டிருக்கும். நம் குழாய் நீரோ அதைவிட மிக வெப்பமானது. மருந்துப் புட்டிகளைப் பனிக்கட்டி போட்ட தொட்டியில் நிறுத்திக் குளிரவையுங்கள். பனிக்கட்டியை மருந்துக்குள் போடாதீர்கள். கடைசியில் அலசும் நீரும் ஏறக்குறைய அதே வெப்பநிலையில் இருக்கட்டும். திடீரென வெப்பம் மாறினால் சுருளின் மேற்பூச்சு சுருங்கி வெடிக்கும்.

வேலை முடிந்ததும் காமிராவைத் தோல் பையில் போட்டு அலமாரியில் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சும்; காளான் மீண்டும் வரும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு காற்றுப் புகாத பெட்டியில் வைக்கலாம். ஈரப்பதம் நூற்றுக்கு நாற்பது முதல் ஐம்பது வரை இருந்தால் நன்று. மாதம் ஒருமுறை எடுத்து எல்லா வேகங்களிலும் இயக்கிப் பாருங்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, கைப்பேசியில் ஒரு நொடியில் எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். கேட்பது நியாயமே. அவசரத்துக்கும் செய்திக்கும் கைப்பேசியே நல்லது. ஆனால், இருப்பவை பன்னிரண்டே படங்கள் என்றால், நாம் அழுத்துவதற்கு முன்பு பார்க்கிறோம். ஒளி எங்கிருந்து வருகிறது, அவர் கை எங்கே இருக்கிறது, பின்னால் என்ன தெரிகிறது என்று எண்ணுகிறோம். இக்காமிரா நமக்காக எதையும் முடிவு செய்வதில்லை. நல்ல படம் வந்தால் அது நாம் பார்த்ததன் பயன். கெட்டுப்போனால் பாடமும் நமக்கே. ஒரு சிறு குறிப்பேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் துளையும் வேகமும் எழுதி வந்தால், மூன்று நான்கு சுருள்களில் தேர்ச்சி வந்துவிடும்.

இனி அந்தப் பழைய சுருளுக்கு வருவோம். கழுவியபோது அது முழுவதும் சாம்பல் பூத்திருந்தது. ஐந்து படங்களில் ஒன்றும் இல்லை. நான்கில் உருவங்கள் தெரிந்தன. அவற்றுள் ஒன்று, தோட்டத்து வீட்டுப் படியில் நண்பரின் மனைவி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் படம். அதைத் தாயிடம் காட்டியபோது, அவர் தம் முகத்தையோ குழந்தையின் முகத்தையோ பார்க்கவில்லை. படத்தின் அடிப்பகுதியில், மண்தரையில் நீண்டு கிடந்த ஒரு நிழலைத் தொட்டார். தலை குனிந்து, கைகளை வயிற்றருகே வைத்து நிற்கும் ஒரு மனிதரின் நிழல் அது. "எல்லாரையும் எடுத்தார். அவரை எடுக்க ஆள் இல்லாம போச்சு. இதிலே இருக்கார்," என்றார்.

அக்காமிரா இப்போது ஷட்டர் சுத்தம் செய்யப்பட்டு மீண்டும் வேலை செய்கிறது. புதிய சுருளின் முதல் படத்தை மகள் எடுத்தார். இரண்டாவது படத்துக்குக் காமிராவைத் தாயின் கையில் கொடுத்து, தாம் போய் எதிரே நின்றார்.

நேயர்களே, உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பழைய காமிரா இருக்கலாம். அதைத் திறப்பதற்கு முன்பு, சாளரத்தில் எந்த எண் தெரிகிறது என்று பாருங்கள். படம் எடுப்பவரையும் யாராவது ஒருமுறை படம் எடுத்து வையுங்கள்.