பாலக்காட்டில் தீவிர இடதுசாரி இயக்கம்: அய்யன்காளிப் படையும் நிலச் சட்டமும்

தமிழ் பேசும் மக்கள் மிகுந்த கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்தது. இவ்வட்டத்தில் இரவாளர், மலசர் ஆகிய பழங்குடியினரும், அதே மாவட்டத்தின் அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் ஆகியோரும் வாழ்கின்றனர். நிலம் இழந்து கூலிகளான பழங்குடியினரின் பிரச்சினையே இங்கு தீவிர இடதுசாரி இயக்கத்திற்குப் பிற்காலத்தில் முதன்மையான களமாயிற்று.

தோற்றமும் அமைப்பும்

1967-ஆம் ஆண்டின் நக்சல்பாரி எழுச்சியைத் தொடர்ந்து, 1968-இல் கேரளத்தின் தலச்சேரியிலும் புல்பள்ளியிலும் காவல் துறையினர் மீது தாக்குதல்கள் நிகழ்ந்தன. 1969 ஏப்ரல் 22 அன்று இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி (மார்க்சிய-லெனினியம்) உருவாயிற்று. வெளிப்படையான வெகுஜன அமைப்புகளுக்கு மாறாக, இரகசியமான சிறு குழுக்களையே சாரு மஜும்தார் வலியுறுத்தினார். பாலக்காட்டை அடுத்த கோங்காட்டில் 1970-இல் நிலவுடைமையாளர் ஒருவர் கொல்லப்பட்டது இவ்வழியின் விளைவே. காவல் துறை நடவடிக்கையாலும் உட்பிளவுகளாலும் இயக்கம் பல குழுக்களாகச் சிதறியது. நக்சலைட் சார்புடைய அய்யன்காளிப் படை, 1990-களில் வெளிப்பட்ட அத்தகைய சிறு குழுவாகும். ஒடுக்கப்பட்டோர் உரிமைக்குப் போராடிய அய்யன்காளியின் (1863-1941) பெயரை அது சூடிக்கொண்டது.

சட்டத்தின் கதை

பழங்குடியினர் இழந்த நிலத்தை மீட்டுத்தரும் சட்டத்தைக் கேரளச் சட்டமன்றம் 1975-இல் நிறைவேற்றியது. அதற்கான விதிகள் வகுக்கப்பட்டது 1986-இல்தான். அப்போதும் அது செயலுக்கு வராமையால், ஆறு மாதங்களில் நடைமுறைப்படுத்துமாறு உயர் நீதிமன்றம் 1993-இல் ஆணையிட்டது. ஆயினும் அரசு, முந்தைய நிலக் கைமாற்றங்களைச் செல்லுபடியாக்கும் திருத்தத்தை 1996-இல் கொண்டுவந்தது. சட்டமன்றத்தில் கே. ஆர். கௌரியம்மா ஒருவரே அதனை எதிர்த்தார்.

அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று படையினர் நால்வர் பாலக்காடு மாவட்ட ஆட்சித் தலைவரை அவரது அலுவலக அறையிலேயே பிணையாகப் பிடித்து, திருத்தத்தைக் கைவிடுமாறு கோரினர். பல மணி நேரத்திற்குப் பின், பேச்சுவார்த்தையின் வாயிலாக அவர் தீங்கின்றி விடுவிக்கப்பட்டார். தம்மிடமிருந்தது பொம்மைத் துப்பாக்கியே என அவர்கள் பின்னர் கூறினர்.

விளைவு

திருத்தத்திற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. எனினும் 1999-இல் வேறொரு சட்டம் இயற்றப்பட்டது. கைமாறிய விவசாய நிலத்தில் 2 ஹெக்டேர் வரை வைத்திருப்பவருக்கே உரியதென்றும், பழங்குடியினருக்கு மாற்று நிலம் தரப்படும் என்றும் அது கூறியது. உச்ச நீதிமன்றம் 2009-இல் இதனை ஏற்றது. ஆயுதப் பாதையோ முற்றுப்பெறவில்லை; 2019-இல் அட்டப்பாடியின் மஞ்சக்கண்டியில் காவல் துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் மாவோயிஸ்ட்டுகள் நால்வர் மாண்டனர்.

சிறு குழுவின் துணிகரச் செயல் நாட்டின் கவனத்தை ஈர்த்தது. இழந்த நிலத்தை அது மீட்டுத்தரவில்லை. மறுபுறம், 1975-ஆம் ஆண்டுச் சட்டம் உரிய காலத்தில் செயற்பட்டிருப்பின் இத்தகைய குழு எழுப்புவதற்கு இக்கோரிக்கையே இருந்திராது. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பிலுள்ளோர் மனத்திற் கொள்ளவேண்டிய செய்தி இதுவேயாகும்.