முடி திருத்துவோரிடம் சொல்லுந் திறம்

நமது கலாசாலை மாணாக்கருள் தலைமுடி திருத்திக்கொள்ளாதார் அரியர். ஆயினும், திருத்தி முடிந்தபின் கண்ணாடியை நோக்கி மனமகிழ்ந்து எழுவார் எத்துணையர் என்று எண்ணிப் பார்ப்பின், அவர் தொகை சிறிதென்றே தோன்றுகிறது. பரீட்சையில் தவறினால் மறுமுறை எழுதலாம். கத்தரி பட்டு வீழ்ந்த முடியையோ எடுத்து ஒட்டுதல் இயலாது. தலைமுடி மாதத்திற்கு ஏறக்குறைய அரை அங்குலமே வளர்வதாகலின், ஐந்து நிமிஷத்துத் தவறு இரண்டு மாதகாலம் நம்முடன் கூடவே வகுப்பிற்கு வந்துகொண்டிருக்கும். இத்தவறு பெரும்பாலும் தொழிலாளியின் கைக்குறை அன்று, நமது வாய்க்குறையே என்பது நமது அபிப்பிராயம்.

மக்கெதோனிய நாட்டரசனாகிய ஆர்க்கெலாவு என்பானிடம், வாயாடியான நாவிதர் ஒருவர், "எவ்வாறு திருத்த வேண்டும்?" என்று வினவ, "பேசாமல் திருத்துக" என்னும் பொருள்பட அவன் விடையளித்தான் என்று கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க்கு கூறுகின்றார். அரசனுடைய சாதுரியத்தை எண்ணி உலகம் இன்றளவும் நகைக்கின்றது. அன்று அவன் தலை எவ்வாறு அமைந்தது என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை.

நாமும் அவ்வரசனைப் போலவே நடக்கின்றோம். நாற்காலியில் அமர்ந்தவுடன் "நல்லா வெட்டுங்க" என்கிறோம். அழகாக வெட்டுக என்பது நமது கருத்து. நிறைய வெட்டுக என்பது அவர் கொண்ட பொருள். நமது மொழியில் அச்சொல்லுக்கு இருபொருளும் உண்டாதலின், அவர்மேற் குற்றஞ் சாட்ட வழியில்லை. "ஷார்ட்", "மீடியம்" என்னும் ஆங்கிலச் சொற்களாலும் பயனில்லை. போர்வீரருக்கு மீடியமாவது வேறு. சினிமா நடிகருக்கு மீடியமாவது வேறு. "ஓர் அங்குலம்" என்று அளவு கூறுவோரும் பாதி வழியே செல்கின்றனர். ஓர் அங்குலம் போகவேண்டுமா, ஓர் அங்குலம் நிற்கவேண்டுமா? மூன்றங்குல முடியுடையார்க்கு இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. எனவே, எவ்வளவு மிஞ்சி நிற்கவேண்டும் என்பதையே, விரல்களால் முடியைப் பற்றிக் காட்டிச் சொல்லுதல் நலம்.

மிஷினைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூறவேண்டும். அமெரிக்க நாட்டில் இல்லினாய் மாகாணத்து ஸ்டெர்லிங் நகரில் லியோ வால் என்பவர் 1919-ஆம் ஆண்டளவில் அமைத்த மின்சார மிஷின் உலகெங்கும் பரவிற்று. அதன் வாயில் மாட்டும் சீப்புகளுக்கு எண்கள் உண்டு. வழக்கமான கணக்கில் ஓர் எண் என்பது அங்குலத்தில் எட்டிலொரு பங்கு. ஆகவே 1-ஆம் எண் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், 2-ஆம் எண் 6, 3-ஆம் எண் 10, 4-ஆம் எண் 13, 8-ஆம் எண் 25 மில்லிமீட்டர் முடியை நிறுத்தும். ஆனால் இக்காலத்துச் சிறு மிஷின்கள் பலவற்றில் மில்லிமீட்டர் அளவே பொறிக்கப்பட்டிருக்கிறது. "மூன்று போடுங்கள்" என்றால் ஒரு கடையில் 10 மில்லிமீட்டரும் மற்றொரு கடையில் 3 மில்லிமீட்டரும் நிற்கும். பின்னதில் தலையோடு வெளியே தெரியும்! ஆதலின் எண்ணை மட்டுஞ் சொல்லி வாளாவிராமல், "எந்தக் கணக்கில் மூன்று?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். ஐயமிருப்பின் பெரிய எண்ணிலிருந்து தொடங்குமாறு வேண்டுக. மிகுந்ததைக் குறைக்கலாம், குறைந்ததை மிகுவிக்கும் மிஷின் இன்னும் வரவில்லை.

தலை முழுவதற்கும் ஒரே கட்டளை இடுதலும் கூடாது. உச்சி, இரு பக்கம், பிடரி, கிருதா, நெற்றி மேல் விழும் முடி என ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே சொல்லவேண்டும். பிடரியின் விளிம்பு சதுரமாய் முடியவேண்டுமா, வளைவாயா, படிப்படியாய் மெலிந்து மறையவேண்டுமா என்பதை எவரும் சொல்வதில்லை. நம் பிடரியை நாம் காணாமையே காரணம் போலும். வகுப்பில் பின் பெஞ்சியில் இருப்போர் அதனையே ஆண்டு முழுதும் காண்கின்றனர்.

உச்சியில் முடி சுழித்து வளரும் இடத்தைச் சுழி என்கிறோம். அவ்விடத்தை மிகக் குறுக வெட்டினால் முடி படியாமல் குத்திட்டு நிற்கும். சிலர்க்குச் சுழி இரண்டு. தண்ணீர் தெளித்தபின் சுழியும் சுருளும் அடங்கிவிடுமாதலால், புதிய கடைக்காரர் அவற்றைக் காணாதிருக்கவுங் கூடும். நனைந்த முடி நீண்டு தோன்றும். சுருட்டை முடி உலர்ந்தவுடன் மேலேறிக் குறுகும். சுருட்டை முடியுடையார் ஈரத்திற் காணும் நீளத்தை நம்பி இசைந்துவிடாமல், உலர்ந்தபின் எவ்வளவு நிற்கவேண்டும் என்பதை முன்னரே தெரிவித்தல் வேண்டும். பெரிய சலூன்களுக்குச் செல்லும் நமது சகோதரிகளுக்கும் இது பொருந்தும். அவர்கள் நுனியை "யூ" வடிவாகவோ "வி" வடிவாகவோ வெட்டச் சொல்வதோடு, பின்னல் இடுப்பளவு வரவேண்டுமா, முதுகளவு போதுமா என்பதையுங் கூறிவிடின், பின்னர்க் கண்ணீர்விட நேராது.

கைபேசியிற் படம் காட்டுதல் நல்ல வழக்கமே. ஆனால் முகம் மட்டும் தெரியும் படம் பாதிப் படம். பக்கமும் பின்புறமும் தெரியவேண்டும். படத்திலுள்ளவர் முடி நம் முடியை ஒத்த தடிப்பும் அடர்த்தியும் உடையதா என்றும் பார்க்கவேண்டும். இன்னொரு தடையையும் நாம் அநுபவத்தில் அறிந்தோம். மூக்குக்கண்ணாடி அணிவோர் அதனைக் கழற்றிவிட்டு அமர்வர். எதிரே ஆளுயரக் கண்ணாடி இருந்தும் அவர்க்குப் புகைபடர்ந்த வடிவமொன்றே புலனாகும். "போதுமா?" என்ற வினாவிற்கு அவர்கள் தலையசைப்பது காணாதான் சாட்சி சொல்வதை ஒக்கும். இடையே ஒருமுறை நிறுத்தச் சொல்லிக் கண்ணாடியை வாங்கி அணிந்து பார்ப்பதில் நாணமென்ன?

நம் விடுதித் தோழர் ஒருவர் டைபாயிடு சுரத்தினின்றும் பிழைத்தெழுந்தார். கடுஞ் சுரத்திற்குப்பின் இரண்டு மூன்று மாதங் கழித்து முடி கொத்துக்கொத்தாய் உதிர்வதும், பின்னர்ப் பெரும்பாலும் மீண்டும் வளர்வதும் வைத்தியர் அறிந்த செய்தி. தோழர் அதனை அறியார். தலையணையிற் கிடந்த முடியைக் கண்டு உள்ளம் நைந்தார், ஒருவரிடமும் சொல்லவில்லை. கடைக்குச் சென்று, "பக்கத்தை ஒட்ட வெட்டுங்கள், மேலே கை வைக்க வேண்டாம்" என்று மட்டுங் கட்டளையிட்டார். சொன்னபடியே செய்யப்பட்டது. பக்கங்கள் கறுத்து நிற்க, நீண்ட மேல்முடி இழையிழையாய்ப் பிரிந்து உச்சித்தோலைக் காட்டிற்று. நான்கு நாள் அவர் வகுப்பிற்கு வரவில்லை; உணவுக்கூடத்திற்கும் எல்லோரும் உண்டபின்னரே வந்தார். நாம் அதனைக் கவனித்தும் ஒன்றுங் கேளாதிருந்தோம் என்பதை ஈண்டு ஒப்புக்கொள்ளுகிறோம்.

ஐந்தாம் நாள் அவரே மீண்டும் அக்கடைக்குச் சென்றார். நாமும் உடன் சென்றோம். "அண்ணே, காய்ச்சலுக்குப் பிறகு முடி கொட்டுகிறது. வெளியே தெரியாமல் இருக்கவேண்டும்" என்று தாழ்ந்த குரலிற் சொன்னார். அவர் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, விரல்களால் உச்சியைக் கோதிப் பார்த்து, "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, தம்பி. நீளமாக விட்டால்தான் தெரியும், குறைத்தால் தெரியாது" என்றார். தோழர் எதனைத் தொடவேண்டாம் என்றாரோ அதுவே வெட்டப்படவேண்டியதாயிருந்தது. மேல்முடி ஓர் அங்குலமாகக் குறைந்ததும், அது நிமிர்ந்து அடர்த்தியாய்த் தோன்றிற்று. முதல்நாள் அவர் செய்முறையைச் சொன்னார், கருத்தை ஒளித்தார். வெட்டும் முறையைப் பற்றி அவரைவிட நன்கறிந்தவர் அருகில் நிற்கையில், அவரிடம் சொல்லவேண்டியது வேண்டிய பயனே அன்றோ?

தலையிற் பரு, தழும்பு, மச்சம் முதலியன இருப்பினும் போர்வை போர்த்துமுன் சொல்லிவிட வேண்டும். பிடரியிற் கத்தி வைக்குமுன் புதிய பிளேடு மாற்றச் சொல்லுதல் அவமதிப்பாகாது. நல்ல தொழிலாளி கேளாமுன்னரே நம் கண்ணெதிரே மாற்றுவார். வயதில் மூத்தவரை, அவர் செய்யும் தொழில்பற்றி, மாணாக்கர் சிலர் "நீ" என்று விளிப்பதைக் கேட்டு நாம் வருந்தியதுண்டு. அவ்வாறு விளிக்கப்பட்டவர், "தம்பி, இது உமக்குப் பொருந்தாது" என்று எடுத்துரைக்க எங்ஙனம் முன்வருவார்?

இனி, வேலை திருப்தியாய் முடிந்த நாளிலும் ஒரு கடன் உண்டு. எழுமுன், "பக்கத்திற்கு எந்த எண், மேலே எவ்வளவு விட்டீர்கள்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். நம் தோழர் தம் இரசாயன நோட்டுப்புத்தகத்தின் பின்னட்டையில், "பக்கம் 4, மேல் ஓர் அங்குலம், பிடரி வளைவு" என்று எழுதி வைத்திருக்கின்றார். அவருக்கு முடி இப்போது முன்போல் அடர்ந்து வளர்ந்துவிட்டது. குறிப்பை மாற்றி எழுத அடுத்த ஞாயிறு செல்லவிருக்கின்றார்.