பெர்த் மொரிசோவின் ‘தொட்டில்’: தூரிகையைத் துறந்த ஓர் ஓவியரின் உருவப்படம்

திறவுச்சொற்கள்: மனப்பதிவியம், பெண் ஓவியர், உருவப்படம், பெர்த் மொரிசோ, எட்மா.

முன்னுரை

இம்ப்ரெஷனிசம் எனப்படும் மனப்பதிவியம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் உருவான ஓவிய இயக்கமாகும். இவ்வியக்கத்தினரின் முதல் கண்காட்சி 1874 ஏப்ரல் 15 அன்று பாரிசில், ஒளிப்படக் கலைஞர் நதாரின் முன்னாள் கலைக்கூடத்தில் தொடங்கியது. அதில் பங்கேற்ற ஒரே பெண் ஓவியர் பெர்த் மொரிசோ (1841–1895). அவர் காட்சிக்கு வைத்த படைப்புகளுள் ஒன்று, 1872-இல் வரைந்த ‘தொட்டில்’. தாய்மையைச் சித்திரிக்கும் படமாகவே இது பெரிதும் அறியப்படுகிறது. படத்திலுள்ள பெண் யார் என்பதை அறிந்து நோக்கினால் மற்றொரு பொருளும் புலப்படுவதை இக்கட்டுரை விளக்குகிறது.

சகோதரியர் இருவர்

தொட்டிலருகே அமர்ந்திருப்பவர் பெர்த்தின் அக்காள் எட்மா. உறங்கும் குழந்தை அவருடைய மகள் பிளான்ஷ். பிரான்சின் அரசு நுண்கலைப் பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே சகோதரியர் இருவரும் தனிப்பயிற்சியாகவே ஓவியம் கற்றனர். கமீல் கொரோவிடமும் பயின்றனர். 1864-ஆம் ஆண்டு சலோன் கண்காட்சியில் இருவரின் படங்களும் இடம்பெற்றன. ஏறத்தாழ 1865-இல் எட்மா தம் தங்கையை, ஓவியம் தீட்டிக்கொண்டிருக்கும் கோலத்தில் வரைந்தார். 1869-இல் கடற்படை அதிகாரி ஒருவரை மணந்தபின் எட்மா ஓவியப் பணியைக் கைவிட்டார். கலைக்கூட வாழ்வை எண்ணி அவர் ஏங்கியதைத் தங்கைக்கு எழுதிய கடிதங்கள் காட்டுகின்றன.

படத்தின் அமைப்பு

எட்மாவின் முகத்தைத் தாங்கும் இடக்கை மடிந்துள்ளது; குழந்தையின் கையும் அவ்வாறே மடிந்துள்ளது. தாயின் பார்வை தொடங்கிக் குழந்தையின் மூடிய கண்கள் வரை ஒரு சாய்கோடு இருவரையும் இணைக்கிறது. தொட்டிலின் மெல்லிய வலைத்துணித் திரையில் வெண்மை, சாம்பல், நீலம், இளஞ்சிவப்பு ஆகியன கலந்துள்ளன. பொருளின் சொந்த நிறத்தைக் காட்டிலும் அதன்மேல் படும் ஒளியைத் தீட்டும் மனப்பதிவிய முறை இங்குத் தெளிவாகப் புலனாகிறது. திரைக்குப் பின்னுள்ள குழந்தை மங்கலாகத் தெரிய, முன்னுள்ள எட்மாவின் முகமோ தெளிவாக அமைந்துள்ளது. அம்முகத்தில் கனிவோடு ஒருவகை ஆழ்ந்த சிந்தனையும் உள்ளது. அதனை மகிழ்ச்சி என்றோ சோர்வு என்றோ வரையறுத்துவிட இயலாது.

அக்காள் தங்கையை ஓவியராக வரைந்தார். ஏழாண்டுகளுக்குப்பின் தங்கை அக்காளைத் தாயாக வரைந்தார். தூரிகை பிடித்த கை இங்குத் தொட்டில் திரையைப் பற்றியுள்ளது. அப்போது பெர்த் மணமாகாதவர். எட்மாவின் வாழ்வு தமக்கும் நேரக்கூடும் என்னும் நிலையிலிருந்தே அவர் இப்படத்தைத் தீட்டினார் எனக் கருத இடமுண்டு.

முடிவுரை

பெர்த் 1874 டிசம்பரில் மணம்புரிந்த பின்னரும் ஓவியத்தை விடவில்லை. இயக்கத்தின் எட்டுக் கண்காட்சிகளுள் ஏழில் பங்கேற்றார். ‘தொட்டில்’ விற்பனையாகாமல் குடும்பத்தினரிடமே இருந்தது. 1930-இல் லூவர் அருங்காட்சியகம் அதனை வாங்கியது. தற்போது பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. தாய்மையின் படமாக நிலைபெற்ற இப்படைப்பை, கலைப்பணியை இழந்த ஓர் ஓவியரின் உருவப்படமாகவும் கொள்வதே அதற்கு முழுமையான விளக்கமாகும்.