கடலோர நீரில் நடந்து தூண்டிலிடல்

கடலோர நீரில் நடந்து தூண்டிலிடல் என்பது முழங்கால் முதல் இடுப்பு வரை ஆழமுள்ள உப்புநீரில் இறங்கி, மெல்ல நடந்தபடியே தூண்டிலால் மீன் பிடிக்கும் முறையாகும். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய காயல்களிலும் விரிகுடாக்களிலும் இது பரவலான பொழுதுபோக்காக உள்ளது. தூண்டிலை வீசுவதே முதற்பாடம் என்று புதியவர்கள் எண்ணுவது இயல்பு. ஆனால் நீருக்குள் கால் வைக்கும் முறையையே அவர்கள் முதலில் கற்க வேண்டும். காயமின்றித் திரும்புவதும் மீன் அகப்படுவதும் பெரும்பாலும் அதையே சார்ந்துள்ளன.

இடத்தின் இயல்பு

டெக்சஸின் தென்கரையோரம் சுமார் 180 கி.மீ. நீளத்துக்குப் பாத்ரே தீவு அமைந்துள்ளது. இத்தீவுக்கும் நிலப்பகுதிக்கும் இடையில் இருப்பது லகுனா மாத்ரே என்னும் காயல். இதன் சராசரி ஆழம் ஏறத்தாழ 1 மீட்டர் மட்டுமே. மழை குறைவு, வந்து சேரும் ஆற்றுநீர் குறைவு, நீர் ஆவியாவது அதிகம் ஆகிய காரணங்களால் இதன் நீர் பெரும்பாலும் கடல்நீரைவிட உப்பு மிகுந்திருக்கும். அடித்தரையில் கடற்புல் பரவியுள்ளது. அதில் இறால், நண்டு, சிறுமீன்கள் ஆகியன வாழ்கின்றன. அவற்றைத் தேடிப் பெரிய மீன்கள் வருகின்றன. இங்கு ஓதத்தின் ஏற்றவிறக்கம் சிறியது என்பதால், நீர்மட்டத்தை மாற்றுவதில் காற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

படகின் சுழலி கடற்புல்லை வேரோடு பெயர்த்துவிடும். அவ்வாறு பெயர்ப்பதை டெக்சஸ் சட்டம் தடை செய்கிறது. ஆகவே மிக ஆழம் குறைந்த பகுதிகளில் நடந்து செல்வதே பொருத்தமான வழியாகும்.

பிடிக்கப்படும் மீன்கள்

முதன்மையானவை இரண்டு. ஒன்று முதுகிலும் வாலிலும் கரும்புள்ளிகள் கொண்ட புள்ளிக் கடல் டிரவுட். மற்றொன்று செம்பு நிற உடலும் வாலடியில் கரும்புள்ளியும் கொண்ட செந்நிற டிரம். டிரவுட் என்று பெயர் இருந்தாலும் முன்னது குளிர்நீர் டிரவுட் இனத்தைச் சேர்ந்ததன்று. இவ்விரண்டும் தமிழகக் கடற்கரையில் கத்தாளை எனப்படும் மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் ஆண்மீன்கள் காற்றுப்பைக்கு அருகிலுள்ள தசைகளை அதிர்வித்து முழவு போன்ற ஒலி எழுப்புகின்றன.

மீன் இருக்கும் இடத்தை நீரின் மேற்பரப்பே காட்டிக்கொடுக்கும். மடவைக் கூட்டம் பதறித் துள்ளுவதும், கடற்காகங்கள் ஒரே இடத்தில் தாழ்ந்து பாய்வதும் கீழே பெரிய மீன்கள் இரை தேடுவதன் அறிகுறிகள்.

நடக்கும் முறை

கோடையில் ஆழமற்ற மணல் தரையில் திருக்கைகள் தம்மேல் மணலை மூடிக்கொண்டு கிடக்கும். அவை மனிதரைத் தேடி வந்து தாக்குவதில்லை. மேலே மிதிபடும்போதுதான் வாலிலுள்ள நஞ்சுமுள்ளால் குத்துகின்றன. எனவே பாதத்தைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நகர்த்த வேண்டும். அதிர்வை உணர்ந்த திருக்கை முன்கூட்டியே விலகிவிடும்.

இந்த நடை மீன் பிடிக்கவும் உதவுகிறது. மீன்கள் உடலின் பக்கக்கோட்டு உறுப்பால் நீரின் அசைவை உணர்கின்றன. காலைத் தூக்கி நடப்பவர் எழுப்பும் சலசலப்பு, தூண்டில் எட்டும் தொலைவுக்கு வெகுமுன்பே அவற்றை விரட்டிவிடும். மெதுவாக நகர்பவர் சேற்றுக்குழிகளையும் கூரிய சிப்பித் திட்டுகளையும் காலால் தடவி அறிந்துகொள்ளவும் முடியும். தடித்த அடிப்பாகமுள்ள காலணி கட்டாயம் தேவை. வெறுங்காலுடன் இறங்கக் கூடாது.

உடன் செல்பவரின் பொறுப்பு

அனுபவமுள்ளவர் புதியவரைத் தம் பார்வைக்குள் வைத்திருக்க வேண்டும். ஆனால் வீசும் முள் ஒருவர்மேல் ஒருவர் படாத இடைவெளியும் வேண்டும். புதியவரைக் காற்று முதுகில் படும்படி நிறுத்தினால் சிறிய வீச்சும் தொலைவு செல்லும். கடல் டிரவுட்டின் வாய் மென்மையானது. வேகமாக இழுத்தால் கிழிந்து மீன் தப்பிவிடும். எனவே ரீலின் இறுக்கத்தைத் தளர்த்தி வைக்கவும் அவர் கற்றுத்தர வேண்டும். பிடித்த மீன்களைக் கோத்த கயிறு இடுப்பை ஒட்டி இருந்தால் அவற்றை நாடிச் சுறா நெருங்கக்கூடும் என்பதால் நீளமான கயிறே பயன்படுகிறது. இடியோசை கேட்டவுடன் கரையேறும் முடிவும் அவருடையது. கார்பன் இழையாலான தூண்டில் கோல் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது.

முதலுதவி

திருக்கையின் நஞ்சு வெப்பத்தால் செயலிழக்கும் புரதங்களைக் கொண்டது. குத்துப்பட்ட காலைச் சுடாத அளவுக்கு வெந்நீரில், ஏறத்தாழ 45 பாகை செல்சியசில், 30 முதல் 90 நிமிடங்கள் வைத்தால் வலி குறையும். முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம் என்பதால் மருத்துவரைக் காண்பது அவசியம். வெதுவெதுப்பான கடலோர நீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்னும் பாக்டீரியா காணப்படுகிறது. திறந்த புண் வழியே நுழைந்தால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். கல்லீரல் நோயுள்ளவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் புண்ணோடு நீரில் இறங்கக் கூடாது.

விதிகளும் பாதுகாப்பும்

1981இல் டெக்சஸ் இவ்விரு மீன்களின் வணிகப் பிடிப்பையும் விற்பனையையும் தடை செய்தது. செந்நிற டிரம் மீனில் பொதுவாக 20 முதல் 28 அங்குலம் வரை நீளமுள்ளவற்றையே வைத்துக்கொள்ளலாம். குட்டிகள் வளரவும் முதிர்ந்தவை முட்டையிடவும் இந்த வரம்பு இடமளிக்கிறது. 2021 பிப்ரவரியில் வந்த கடுங்குளிரில் டெக்சஸ் கரையோரம் குறைந்தது 38 லட்சம் மீன்கள் இறந்தன. அதன்பின் லகுனா மாத்ரேயில் கடல் டிரவுட்டுக்கான வரம்பு தற்காலிகமாக இறுக்கப்பட்டது. விதிகள் இவ்வாறு மாறுவதால் ஒவ்வொரு முறையும் நீரில் இறங்குமுன் அவற்றைச் சரிபார்க்க வேண்டும். வரம்புக்கு உட்படாத மீனை ஈரக்கையால் பிடித்து, முள்ளை நீக்கி, நீருக்குள்ளேயே விடுவித்தால் அது பிழைக்கும் வாய்ப்பு கூடும். மீனின் உடலைக் காக்கும் வழவழப்பான பூச்சு உலர்ந்த கையில் உரிந்துவிடும்.