போன ஆண்டுச் சட்டை

போன ஆண்டு தைத்த பள்ளிச் சட்டையை இந்த ஆண்டு போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? துணி நல்ல துணிதான். தையலிலும் குறை இல்லை. ஆனால் கையைத் தூக்கினால் 'பர்'ரென்று கிழிகிறது. குற்றம் சட்டையுடையதா? இல்லை, நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள்!

கணிப்பொறிக்கு எழுதும் மென்பொருளும் இப்படித்தான். ஒரு வேலைக்காக எழுதிச் சோதித்த மென்பொருளை வேறொரு வேலைக்கும் பயன்படுத்தினால் காலமும் பணமும் மிச்சமாகும். ஆகவே நிறுவனங்கள் நல்ல மென்பொருள் பகுதிகளைச் சேர்த்து வைத்து, மீண்டும் மீண்டும் பயன்படுத்துகின்றன. ஆனால் சட்டை அளவு பார்க்காமல் போட்டால் என்ன ஆகும்?

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பிய நாடுகளின் ஏரியான்-5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. சுமார் 40 வினாடிகளில் வானிலேயே சிதறியது. அதிலிருந்த 4 செயற்கைக் கோள்களும் அழிந்தன. நல்ல வேளை, மனிதர் எவரும் அதில் செல்லவில்லை.

காரணம் என்ன? ராக்கெட்டின் நிலையையும் வேகத்தையும் அளந்து சொல்லும் கருவி ஒன்று உண்டு. அதன் மென்பொருள் ஏரியான்-4 ராக்கெட்டில் நன்றாக வேலை செய்தது. அதையே புதிய ராக்கெட்டிலும் வைத்தார்கள். கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஓர் எண்ணை அது 16 பிட் இடத்தில் எழுத வேண்டும். அங்கே 32,767-க்கு மேற்பட்ட எண் கொள்ளாது. ஏரியான்-4-க்கு அந்த இடம் தாராளம். ஏரியான்-5 கிளம்பியவுடனேயே கிடைமட்டத்தில் மிக வேகமாகச் சென்றது. எண் பெரிதாகி, இடம் கொள்ளாமல், கருவி நின்றுவிட்டது.

துணைக்கு இன்னொரு கருவி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, அதிலும் அதே மென்பொருள்! நின்றுபோன கருவி அனுப்பிய பிழைச் செய்தியை ராக்கெட்டின் கணிப்பொறி உண்மையான அளவு என்று எடுத்துக்கொண்டு, ராக்கெட்டைத் தவறாகத் திருப்பியது. இதில் வியப்பு என்ன தெரியுமா? அந்தக் கணக்கு, ஏரியான்-5 தரையை விட்டுக் கிளம்பிய பிறகு தேவையே இல்லாதது!

புதிய ராக்கெட்டின் பாதைக்குரிய எண்களைக் கொடுத்துத் தரையிலேயே சோதித்திருந்தால் தவறு வெளிப்பட்டிருக்கும் என்று விசாரணைக் குழு கண்டது.

பழைய மென்பொருளைத் திறமையாகப் பயன்படுத்த விரும்பும் நிறுவனம் மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பகுதியும் என்ன செய்யும், எந்த எல்லை வரை தாங்கும் என்று எழுதி வைப்பது ஒன்று. புதிய வேலைக்குத் தேவையற்றதை நீக்குவது இரண்டாவது. புதிய சூழ்நிலையில் மறுபடி சோதிப்பது மூன்றாவது.

திருத்தப்பட்ட ஏரியான்-5 பின்னர் 2023 வரை வெற்றிகரமாகப் பணியாற்றி ஓய்வு பெற்றது.

நீங்களும் ஒரு பழைய சூத்திரத்தைப் புதிய கணக்கில் போடுமுன் கேளுங்கள்: இது எந்த எல்லைக்குள் சரி?