மாரெட்பள்ளியில் ஒரு பிள்ளைப் பருவம்

குழந்தையின் வளர்ச்சியை நம் முன்னோர் கண்டு களித்ததோடு நின்றுவிடவில்லை. திங்கள் கணக்கிட்டு வகுத்தும் வைத்தனர். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்திற்குரிய பத்துப் பருவங்களும் 3ஆம் திங்கள் முதல் 21ஆம் திங்கள் வரை ஒற்றைப்பட்ட திங்கள்களில் அமையும் என்பது பாட்டியல் மரபு. கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரைக்கு 5ஆம் திங்கள். கைகொட்டும் சப்பாணிக்கு 9ஆம் திங்கள். தளர்நடையிட்டு வரும் வாரானைக்கு 13ஆம் திங்கள்.

இன்றைய மருத்துவ அறிவும் இதனின்று வெகுதூரம் விலகிவிடவில்லை. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வினை உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டது. துணையின்றி உட்காருதல் ஏறத்தாழ 4 முதல் 9 மாதங்களுக்குள்ளும், தனியே நடத்தல் 8 முதல் 18 மாதங்களுக்குள்ளும் கைவரும் என்று அது கண்டது. ஆகவே, பக்கத்து வீட்டுக் குழந்தை பத்தாம் மாதத்தில் நடந்துவிட்டதே என்று தாய்மார் கலங்க வேண்டியதில்லை. பதினெட்டு மாதம் கடந்தும் நடவாவிடில் மருத்துவரை அணுகுதல் வேண்டும். ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலுடன் பிற உணவு தொடங்குக என்று மருத்துவர் கூறுவதும், நாம் சோறூட்டல் என்றும் தெலுங்கர் அன்னப்பிராசனம் என்றும் கொண்டாடுவதும் ஏறக்குறைய ஒரே காலத்தை ஒட்டியவையே.

உட்காருதலும் நடத்தலும் எவ்வூரில் வளரினும் குழந்தைக்கு வந்துவிடும். தாய்மொழியோ அவ்வாறு தானே வருவதன்று. வெளிமாநிலத்தில் வாழும் நாம் கருத வேண்டியது இதுவே.

செகந்தராபாத்தைச் சேர்ந்த மாரெட்பள்ளியில் நான் குடியிருக்கிறேன். நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806இல் பாளைய நகராக எழுந்த செகந்தராபாத்திற்குத் தமிழர் புதியவர் அல்லர். படையோடும் வாணிகத்தோடும் இரயில்வேயோடும் வந்து தங்கியோர் பலர். இங்குள்ள மகபூப் கல்லூரிக்கு 1862இல் வித்திட்டவர் சோமசுந்தர முதலியார். இத்தகைய ஊரில் பிறந்த என் மகனுக்கு மூன்று வயதிலேயே தண்ணீருக்கு மூன்று சொற்கள் தெரிந்திருந்தன: வீட்டில் ‘தண்ணீர்’, எதிர் வீட்டு அம்மையாரிடம் ‘நீள்ளு’, கடைத்தெருவில் ‘பானி’. பல மொழி கேட்டால் குழந்தை குழம்பும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் வேண்டா. சொற்களைக் கலந்து பேசுவது சிறிது காலம் நிகழும். யாரிடம் எம்மொழி பேசுவது என்பதைக் குழந்தை விரைவிலேயே அறிந்துகொள்ளும்.

ஆயின், கேளாத மொழி எவ்வாறு வரும்? பிறந்த சில மாதங்கள் வரை எம்மொழியின் ஒலிகளையும் வேறுபடுத்தி உணரவல்ல குழந்தை, ஓராண்டு நிறையுமுன் தான் கேட்கும் மொழிகளின் ஒலிகளுக்கே செவியைப் பழக்கிக்கொள்கிறது என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். எனவே மொழிக் கல்வி பள்ளியில் அன்று, தொட்டிலிலேயே தொடங்குகிறது. குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் நாம் பேசும் பேச்சே முதற் பாடம். நிலவைக் காட்டி அழைக்கும் அம்புலிப் பருவமும் பேச்சுப் பயிற்சியே அன்றோ?

பேச்சளவில் என் வீட்டில் குறையில்லை. எழுத்தில்தான் தவறினோம். மகனுக்கு நான்கு வயதானபோது, இங்குள்ளோர் வழக்கப்படி, கோதாவரிக் கரையிலுள்ள பாசரா சரசுவதி கோயிலுக்கு அழைத்துச் சென்று எழுத்தறிவித்தோம். பலகையில் தெலுங்கு அகரம் எழுதினான். மகிழ்ச்சியே. வீடு திரும்பிய பின் அதனருகில் தமிழ் அகரத்தையும் எழுதச் செய்திருக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். அந்தப் ‘பிறகு’ ஆறு ஆண்டுகளாயிற்று.

அவனது பத்தாம் பிறந்தநாளுக்குக் கும்பகோணத்திலிருந்து என் தாயார் அவன் பெயருக்கே ஒரு கடிதம் எழுதினார். ஆவலோடு பிரித்தவன், சற்று நேரம் பார்த்துவிட்டு, “நீங்களே படித்துச் சொல்லுங்கள், அப்பா” என்று என்னிடம் நீட்டினான். அலுவலகத்தில் நாள்தோறும் மொழிபெயர்ப்பதே என் தொழில். என் தாய்க்கும் என் மகனுக்கும் இடையே நானே இடையாளாக நிற்க நேர்ந்த அன்று அடைந்த வெட்கத்தை நான் மறக்கவில்லை.

மறுநாளே தொடங்கினோம். தமிழ் எழுத்துகள் 247 என்றதும் மலைப்பு எழுவது இயல்பு. உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் உயிர்மெய்க் குறிகளும் மனத்தில் பதிந்தால் மற்றவை தாமே விளங்கும். இரவு உணவுக்கு முன் கால் மணி நேரம். நாளொன்றுக்கு ஓரிரண்டு எழுத்து. அவ்வெழுத்தில் தொடங்கும் வீட்டுப் பொருள் ஒன்றின் பெயர். இவ்வளவே எங்கள் முறை. நான்கு வயது மகளும் தானே வந்து பக்கத்தில் அமர்ந்தாள். அவளுக்கு அது விளையாட்டு. அவனுக்கோ கடிதம் படிக்கும் வழி.

மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு கூறுகிறது. மாநிலங்கள் மொழிவழி பிரிந்த 1956இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. வாய்ப்புள்ள இடத்தில் அவ்வுரிமையைக் கோருதல் நன்று. வாய்ப்பில்லாத இடத்திலும் வீடு உண்டு. கால் மணி நேரமும் உண்டு. தெலுங்கைக் குழந்தைகள் நன்கு கற்கட்டும். அது அவர்கள் வாழும் ஊரின் மொழி. அதனைக் கற்பிக்கத் தெருவும் பள்ளியும் உள்ளன. தமிழைக் கற்பிக்க இங்கு நம்மையன்றி யார் உளர்?

எட்டு மாதங்களுக்குப் பின் என் மகன் பாட்டிக்கு மூன்று வரிகள் எழுதினான். ‘நலமா’ என்பதில் லகரத்திற்குப் பதில் ளகரம் இட்டிருந்தான். நான் திருத்தவில்லை, அவ்வாறே அஞ்சலில் சேர்த்தேன்.