பழைய காரும் எலுமிச்சம்பழமும்

விற்பனை நிலையத்தின் முன் பத்துக் கார்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் பிறர் ஓட்டிய பழைய கார்கள். ஆனால் மெழுகிட்டுத் துடைக்கப்பட்டு, வெயிலில் புதிய வண்டிகளைப் போலவே மின்னுகின்றன. ஒன்றின் மானி 38,000 கிலோமீட்டர் எனக் காட்டுகிறது. "ஒரே கை வண்டி சார், டாக்டர் வீட்டு வண்டி" என்கிறார் வியாபாரி. வாங்க வந்தவர் கதவைத் திறந்து மூடிப் பார்க்கிறார். டயரைக் காலால் உதைத்துப் பார்க்கிறார். எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிறார். பிறகு, பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை எடுத்துக் கொடுக்கிறார்.

அவர் வாங்கியது நல்ல வண்டியா? அன்று அவருக்குத் தெரியாது. சில மாதங்கள் ஓட்டிய பிறகே தெரியும். ஒரு பொருளைப் பற்றி விற்பவருக்குத் தெரிவது அதிகம். வாங்குபவருக்குத் தெரிவது குறைவு. பழைய கார் வாங்குவதில் உள்ள ஆபத்துகள் எல்லாவற்றிற்கும் இந்த இடைவெளிதான் வேர். இந்த இடைவெளி என்ன செய்கிறது, அதை எவ்வாறு குறைக்கலாம் என்பதைக் காண்போம்.

எலுமிச்சம்பழச் சந்தை

வெளியே பளபளப்பாகவும் உள்ளே கோளாறாகவும் இருக்கும் காரை அமெரிக்கர்கள் பேச்சு வழக்கில் 'எலுமிச்சம்பழம்' என்பார்கள். 1970-ஆம் ஆண்டில் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர், 'எலுமிச்சம்பழச் சந்தை' பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன் மூன்று ஆய்விதழ்கள் அதனைத் திருப்பி அனுப்பியிருந்தன. ஆனால் அதே கட்டுரையில் தொடங்கிய சிந்தனைக்காகவே 2001-இல் அவருக்கு, ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸ் என்ற இரு அறிஞர்களுடன் சேர்த்து, பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அவருடைய கருத்தை ஒரு கணக்கின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். நாம் முன்னே கண்ட பத்துக் கார்களில் ஐந்து நல்லவை, ஐந்து கோளாறானவை என்று வைத்துக்கொள்வோம். நல்ல கார் ஒவ்வொன்றும் வாங்குபவருக்கு 4 லட்சம் ரூபாய் பெறும். அதன் சொந்தக்காரர் 3½ லட்சத்திற்குக் குறைந்து கொடுக்கமாட்டார். கோளாறான கார் 2 லட்சம் பெறும். அதன் சொந்தக்காரர் 1½ லட்சத்திற்கே தள்ளிவிடத் தயார்.

எது எந்த வகை என்று வாங்குபவருக்குத் தெரிந்தால் சிக்கலே இல்லை. தெரியாதபோது அவர் என்ன செய்வார்? இரண்டுக்கும் நடுவாக 3 லட்சம் தருகிறேன் என்பார். அந்த விலைக்கு நல்ல காரின் சொந்தக்காரர் கொடுக்கமாட்டார். வண்டியைத் திரும்ப வீட்டிற்கு ஓட்டிச் சென்றுவிடுவார். கோளாறான காரின் சொந்தக்காரரோ மகிழ்ச்சியுடன் கை நீட்டுவார். நாளடைவில், இந்த விலைக்கு வருபவை எல்லாம் கோளாறான வண்டிகளே என்பதை வாங்குபவரும் உணர்ந்துகொள்வார். தாம் கேட்கும் விலையை 2 லட்சமாகக் குறைப்பார். ஆக, ஏமாற்றுபவர் சிலரே ஆனாலும், நல்ல வண்டிகள் சந்தையை விட்டே வெளியேறுகின்றன. நேர்மையாக விற்பவரும் நேர்மையாக வாங்குபவரும் சேர்ந்தே நட்டப்படுகிறார்கள். இதுவே அக்கர்லாஃப் கண்ட உண்மை.

அவருடைய கட்டுரையில் நம் நாட்டைப் பற்றிய குறிப்பும் உண்டு. கடைத்தெருவில் வாங்கிய அரிசியில் வேண்டுமென்றே கலக்கப்பட்ட, அரிசியின் நிறமும் வடிவமும் கொண்ட கற்களை இந்தியப் பெண்கள் கவனமாகப் பொறுக்க வேண்டியிருப்பதை அவர் எடுத்துக்காட்டுகிறார். பழைய கார் வாங்குவதும் அரிசியில் கல் பொறுக்குவது போன்றதே. அதற்கு முதலில் கல் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

வியாபாரியின் இடம்

நல்ல வியாபாரி இந்த இடைவெளியை அடைக்கக்கூடியவர். அவருக்கு ஒரு பெயர் உண்டு. அதைக் காப்பாற்ற வேண்டிய தேவை உண்டு. வண்டியைச் சோதித்து, உத்தரவாதம் எழுதிக் கொடுத்து விற்கலாம். ஆனால் எல்லாரும் அப்படி இல்லை. மேலும், வியாபாரியிடம் வாங்கும்போது, வண்டியை உண்மையில் ஓட்டியவரை நாம் சந்திப்பதே இல்லை. ஏலத்தில் எடுத்த வண்டியானால் அதன் பழைய கதை வியாபாரிக்கும் தெரியாமல் இருக்கலாம். அக்கம்பக்கத்தாரிடம் நேரே வாங்கினால் கேட்டறியக்கூடிய செய்திகள் இங்கே மறைந்துபோகின்றன. மறையும் செய்திகளில் மூன்று முக்கியமானவை: வண்டி ஓடிய தூரம், அது நீரில் மூழ்கியதா என்பது, விபத்தில் சிக்கியதா என்பது.

பின்னோக்கி ஓடும் மானி

பழைய வண்டிகளில் ஓடிய தூரத்தைக் காட்டும் மானி பல்சக்கரங்களால் ஆனது. கியர் பெட்டியிலிருந்து ஒரு முறுக்குக் கம்பி சுழற்சியை மானிக்குக் கொண்டு வரும். அங்கே 0 முதல் 9 வரை எண்கள் பொறித்த சிறு உருளைகள் அடுத்தடுத்து இருக்கும். ஓர் உருளை முழுச் சுற்று சுற்றியதும், இடப்பக்கத்து உருளையை ஓர் எண் நகர்த்தும். மானியைப் பிரித்து உருளைகளைக் கையால் மாற்றி வைத்தால் வண்டி இளமை பெற்றுவிடும்!

இன்றைய வண்டிகளில் உருளைகள் இல்லை. சக்கரத்தின் சுழற்சியை ஓர் உணர்கருவி மின்துடிப்புகளாக மாற்றுகிறது. அத்துடிப்புகளை எண்ணித் தூரம் கணக்கிடப்படுகிறது. அந்த எண் ஒரு சிறு நினைவுச் சில்லில் பதிகிறது. இதனால் மோசடி ஒழிந்துவிடவில்லை. உரிய கருவியை இணைத்துச் சில்லில் உள்ள எண்ணையே மாற்றி எழுதிவிடுகிறார்கள். அமெரிக்காவில் மானியைத் திருத்துவதைத் தடை செய்யும் கூட்டாட்சிச் சட்டம் 1972-இலேயே வந்தது. அப்படியிருந்தும், பொய் எண் காட்டும் வண்டிகள் ஆண்டுக்கு 4,50,000-க்கும் மேல் விற்பனையாவதாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2002-ஆம் ஆண்டு ஆய்வில் மதிப்பிட்டது.

இதனால் வரும் நட்டம் விலையோடு நிற்பதில்லை. எஞ்சினில் பிஸ்டன்களின் இயக்கத்தையும் வால்வுகளின் இயக்கத்தையும் ஒத்திசைக்கும் பற்பட்டை பல வண்டிகளில் உண்டு. குறிப்பிட்ட தூரம் ஓடியதும் அதை மாற்றியே ஆக வேண்டும். மானி பொய் சொன்னால், மாற்ற வேண்டிய காலம் கடந்தது உரிமையாளருக்குத் தெரியாது. பட்டை ஓடும்போதே அறுந்தால், பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வின் மீது மோதி எஞ்சினே சிதைந்துவிடும்.

மானியை மாற்றலாம், தேய்மானத்தை மாற்றுவது அவ்வளவு எளிதன்று. பிரேக் மிதியின் ரப்பர் வழவழவெனத் தேய்ந்திருக்கிறதா? ஸ்டியரிங்கின் பிடி மெருகேறியிருக்கிறதா? ஓட்டுநர் இருக்கையின் ஓரம் நைந்திருக்கிறதா? டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். மானி 20,000 கிலோமீட்டர் காட்டும் காரில், நான்கு டயர்களும் கார் வந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் செய்யப்பட்டவையாக இருந்தால், முதல் டயர்கள் எங்கே போயின என்று கேட்க வேண்டும். அத்துடன், பழுதுபார்ப்பு நிலையத்தின் ரசீதுகளில் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். அவை ஒழுங்காக ஏறிக்கொண்டு வருகின்றனவா என்று பார்க்கலாம்.

நீரில் மூழ்கிய வண்டி

2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தில் ஆயிரக்கணக்கான வண்டிகள் மூழ்கின. இத்தகைய வண்டிகள் கழுவி உலர்த்தப்பட்டு, தொலைவிலுள்ள ஊர்களில் விலைக்கு வருவது உலகெங்கும் நடப்பதே.

நீர் எஞ்சினுக்கு ஏன் எமனாகிறது? பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் மேலேறும்போது, காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக அழுத்துகிறது. காற்று அழுத்தத்திற்கு இணங்கும்; நீர் இணங்காது. சிலிண்டருக்குள் நீர் புகுந்த நிலையில் எஞ்சினை இயக்கினால், பிஸ்டன் கல்லில் மோதியது போல் நின்றுவிடும். அதைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளையும். சற்றே வளைந்த தண்டுடன் எஞ்சின் சில காலம் ஓடவும் கூடும். பிறகொரு நாள் நெடுஞ்சாலையில் உடையும்.

எஞ்சினை விடவும் மறைவாகக் கெடுபவை மின் இணைப்புகளாகும். வெள்ளநீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். செம்பு முனைகளில் பச்சை நிறக் களிம்பு படியும். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல அரிக்கும். விபத்தின்போது விரிய வேண்டிய காற்றுப் பைகளும், சக்கரம் வழுக்காமல் காக்கும் பிரேக் அமைப்பும் இந்த இணைப்புகளையே நம்பியுள்ளன.

அடையாளங்களைத் தேடுவது எளிது. இருக்கைப் பட்டையை முடிந்தவரை வெளியே இழுத்துப் பாருங்கள். உட்சுருளில் கறையோ சேற்றுக் கோடோ தெரியலாம். மிதியடிக் கம்பளத்தைத் தூக்கி அடியில் வண்டல் மண் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கை நகரும் தண்டவாளங்களில் துரு, முகப்பு விளக்கிற்குள் நீர்க்கோடு, கண்ணாடிகளை மூடி வைத்துப் பிறகு திறந்தால் வீசும் பூஞ்சை நாற்றம் ஆகியவையும் சாட்சிகளே. வண்டிக்குள் நறுமணத் தெளிப்பு மிகுதியாக அடித்திருந்தாலும் ஐயப்படலாம்.

காந்தம் காட்டும் உண்மை

விபத்தில் நசுங்கிய தகட்டை டிங்கரிங் செய்து, பள்ளத்தைப் பட்டியால் நிரப்பி, மேலே வண்ணம் பூசுவார்கள். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தொழிற்சாலையில் பூசப்பட்ட வண்ணம் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் தடிமனே உடையது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பட்டி பூசிய இடத்திலோ தடிமன் ஒரு மில்லிமீட்டரைக் கூடத் தாண்டும். வண்ணத்தின் தடிமனை அளக்கும் கையடக்கக் கருவிகள் உண்டு.

மாணவர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, எஃகுத் தகட்டால் ஆன கதவின் பல இடங்களில் வையுங்கள். எங்கும் ஒரே அளவில் பற்ற வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பிடி தளர்ந்தால், காந்தத்திற்கும் எஃகிற்கும் நடுவே பட்டி இருக்கிறது என்று அறியலாம். தூரம் கூடினால் காந்த ஈர்ப்பு விரைந்து குறையும் என்ற பாடமே இங்குப் பயன்படுகிறது. பிளாஸ்டிக் பம்பரிலும் அலுமினியத் தகட்டிலும் காந்தம் ஒட்டாது என்பதை மறக்க வேண்டாம்.

சிறு கீறலுக்குப் பட்டி பூசியிருந்தால் கவலையில்லை. கூரையைத் தாங்கும் தூண்களும் அடிச்சட்டமும் வெட்டி ஒட்டப்பட்டிருந்தால்தான் ஆபத்து. அடுத்த விபத்தில் மோதலின் ஆற்றலை வாங்கிக்கொண்டு உள்ளிருப்பவரைக் காக்க வேண்டியவை அவையே.

காகிதத்தில் உள்ள ஆபத்து

இயந்திரம் நன்றாக இருந்தும் காகிதம் கோளாறாக இருக்கலாம். நம் நாட்டில் விற்பவர் வெற்றுப் படிவங்களில் கையெழுத்திட்டு வியாபாரியிடம் வண்டியை ஒப்படைப்பது நெடுங்கால வழக்கம். வண்டி பல கை மாறும், ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் பழைய பெயரே இருக்கும். இப்படிப் பல கை மாறிய கார் ஒன்று 2009-இல் விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் பெயருள்ளவரே இழப்பீட்டிற்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. வாங்கியவர் நிலையும் நல்லதன்று. காப்பீடு அவர் பெயருக்கு மாறாதவரை, வண்டி திருடு போனால் இழப்பீடு பெறுவது கடினம்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஒரே மாநிலத்திற்குள் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். பழைய வண்டி வியாபாரிகள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற மத்திய விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எனவே, சான்று இருக்கிறதா, வண்டி மீது வங்கிக் கடன் நிலுவை உண்டா, ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணும் அடிச்சட்ட எண்ணும் வண்டியில் பொறித்தவற்றுடன் ஒத்திருக்கின்றனவா என்பவற்றைப் பணம் தருமுன் பார்த்துவிட வேண்டும்.

இடைவெளியை அடைப்போம்

அமெரிக்காவில் 1985 முதல், வியாபாரி விற்கும் ஒவ்வொரு பழைய காரிலும், உத்தரவாதம் உண்டா, 'உள்ளது உள்ளபடி' விற்கப்படுகிறதா என்பதைத் தெரிவிக்கும் அச்சிட்ட தாள் ஒட்டப்பட வேண்டும் என்ற விதி உள்ளது. அந்தத் தாள் காரை நல்லதாக்கிவிடாது. ஆனால் பழுது வந்தால் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும்.

அத்தகைய தாளை நாமே கேட்டு வாங்கலாம். மானி காட்டும் எண், விபத்தோ வெள்ளமோ கண்டதில்லை என்ற உறுதிமொழி, உத்தரவாதக் காலம் ஆகியவற்றை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்ல வேண்டும். வியாபாரிக்குத் தொடர்பில்லாத, நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்ட வேண்டும். அவருக்குத் தரும் கூலி வண்டி விலையில் மிகச் சிறு பகுதியே. இவற்றிற்கு நேர்மையான வியாபாரி தயங்கமாட்டார். உண்மையில் அவருக்கும் இது நன்மையே. நல்ல வண்டிக்கு நல்ல விலை கிடைக்க வேண்டுமானால், அது நல்ல வண்டி என்று வாங்குபவருக்குத் தெரிந்தாக வேண்டும் அல்லவா? எழுதித் தர மறுப்பவரிடம் விடைபெற்றுக்கொண்டு வந்துவிடலாம்.

கல் பொறுக்காமல் யாரும் அரிசியை உலையில் இடுவதில்லை. ஒரு வேளைச் சோற்றுக்குக் காட்டும் அந்தக் கவனத்தை, குடும்பமே ஏறிச் செல்லப்போகும் வண்டிக்கும் காட்டுவோம்.